பெங்களூரு குரூப்களில் அரசியல் பேசுவது எப்படி? புதிதாக வந்தவர்களுக்கு

பெங்களூருக்கு வேலைக்கு வந்து வீடு பிடித்த முதல் மாதத்திலேயே நாலைந்து வாட்ஸ்அப் குரூப்களில் நம் எண் ஏறிவிடும். அபார்ட்மெண்ட் குரூப், ஆபீஸ் டீம் குரூப், பிள்ளையின் பள்ளிக் குரூப், சொந்த ஊர்க்காரர்கள் குரூப். தண்ணீர் டேங்கர் எப்போது வரும், லிப்டை யார் சரிசெய்வது என்று போய்க்கொண்டிருக்கும் பேச்சு, காவிரிச் செய்தி ஒன்று வந்து விழுந்தால் ஐந்து நிமிடத்தில் திசை மாறும். மறுநாள் பார்க்கிங்கில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

"அரசியலே பேசாதே" என்றுதான் வீட்டில் சொல்லி அனுப்புவார்கள். ஆபீஸ் குரூப்புக்கு அது சரியான அறிவுரை. அங்கே கட்சி, சாதி, மதம் எதையும் தொடாதீர்கள். நிறுவனத்தின் விதிமுறையில் பெரும்பாலும் அப்படியே எழுதியிருப்பார்கள். மற்ற இடங்களில் அது நடக்கிற காரியம் இல்லை. டேங்கர் விலையும் குப்பை வரியும் கடைப் பலகை எந்த மொழியில் என்பதும் இந்த ஊரில் அரசியல்தான். ஆகவே பேசுங்கள், ஆனால் வரிசைப்படி.

முதலில், யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

குரூப்பில் சேர்ந்து இரண்டு வாரமாவது வாய் திறக்காமல் படியுங்கள். பெங்களூருத் தமிழர் என்றால் ஒரே கூட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கம் மூன்று நான்கு தலைமுறையாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஓட்டு இங்கே. காவிரிப் பிரச்சினையில் வெடித்த 1991 டிசம்பர் கலவரத்தையும் 2016 செப்டம்பர் 12 அன்று டஜன் கணக்கில் பேருந்துகள் எரிந்ததையும் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கும் நீங்கள் நிலைமை மோசமானால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சேலம் பஸ் ஏறலாம். அவர்களின் கடை ஷட்டர் இங்கேதான் இருக்கும். நீங்கள் வீராவேசமாகத் தட்டிவிடும் ஒரு வரிக்கு விலை கொடுப்பவர் அவராக இருக்கலாம். பழைய பெங்களூருத் தமிழர் ஒருவர் உங்களைத் தனியாக அழைத்து "அந்த மெசேஜ எடுத்துடுங்க தம்பி" என்றால், எடுத்துவிட்டுப் பிறகு காரணம் கேளுங்கள்.

கன்னடக்காரர்களும் அப்படியே. உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் அப்பா மண்டியாவில் கரும்பு போடுபவராக இருக்கலாம். தஞ்சாவூர் விவசாயியின் வயல் காய்ந்தால் நமக்கு எப்படி வலிக்குமோ, அவருக்கு அங்கே வலிக்கும்.

கலப்புக் குரூப்பில் அரசியல் விஷயத்தைத் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். படிக்க முடியாதவருக்கு அது தன்னைப் பற்றிய ரகசியப் பேச்சாகத் தெரியும். ஆங்கிலத்தில் எழுதுங்கள், தெரிந்த அளவு கன்னடத்தில் எழுதினால் இன்னும் நல்லது. வயதில் மூத்த கன்னடக்காரரைப் பெயரோடு "அவரே" சேர்த்து அழைப்பது இங்குள்ள மரியாதை. தமிழர்களுக்குள் பேசும்போது "நீங்க" எப்போது "நீ" ஆகிறது என்று கவனியுங்கள். சண்டை தொடங்கிவிட்டது என்பதற்கு அதைவிட நம்பகமான அறிகுறி கிடையாது.

"இங்க ஓட்டே போடாதவன் பேசக் கூடாது" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அந்த வாதத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. வரி கட்டுகிறவர் எவரும் பேசலாம். நிரந்தரமாக இங்கேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் படிவம் 8 போட்டு வாக்காளர் பட்டியலில் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். ஊரில் ஒன்று, இங்கே ஒன்று என்று இரண்டு இடத்தில் பெயர் வைத்திருக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை.

நம் சாய்வு எந்தப் பக்கம்?

"நான் நடுநிலை" என்று தொடங்குபவரை யாரும் நம்புவதில்லை. நம்பவும் தேவையில்லை. எல்லோருக்கும் ஒரு சாய்வு இருக்கிறது. ஊடகத்துக்கு மட்டும்தான் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. 1982இல் பெய்ரூத்தில் நடந்த படுகொலை பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இஸ்ரேல் ஆதரவாளர்களும் அரபு ஆதரவாளர்களும் பார்த்தது ஒரே காட்சி. இரு தரப்பும் "இது எங்களுக்கு எதிராகத் திரித்த செய்தி" என்றார்கள். 1985இல் வெளிவந்த ஆய்வு இது. சென்னைச் சேனலையும் பெங்களூருச் சேனலையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

சரி, சாய்வு இருக்கிறது, என்ன செய்வது? "பாரபட்சம் இல்லாமல் யோசி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் பலன் இல்லை. இதையும் 1984இல் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மரண தண்டனை பற்றிய ஆய்வுகளைப் படிக்கக் கொடுத்து, ஒரு குழுவிடம் "நீதிபதி போல நியாயமாக எடைபோடுங்கள்" என்றார்கள். அவர்கள் பழையபடியே இருந்தார்கள். இன்னொரு குழுவிடம் "இதே ஆய்வு நேர்மாறான முடிவைச் சொல்லியிருந்தால் இதே மதிப்பைத் தருவீர்களா என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்" என்றார்கள். அங்கேதான் சாய்வு குறைந்தது.

இதை நம் குரூப்புக்குக் கொண்டுவருவது எளிது. அனுப்பும் முன் மெசேஜில் உள்ள பெயரை மாற்றிப் படியுங்கள். தி.மு.க. இருக்கும் இடத்தில் அ.தி.மு.க., காங்கிரஸ் இருக்கும் இடத்தில் பா.ஜ.க., கர்நாடகா இருக்கும் இடத்தில் தமிழ்நாடு. மாற்றிய பிறகும் அது நியாயமாகவே பட்டால் அனுப்புங்கள். "அது எப்படி? இவங்க வேற, அவங்க வேற" என்று மனம் துள்ளினால், அந்த மெசேஜில் வாதம் குறைவு, சாய்வு அதிகம். ஒரு தலைவர் கட்சி மாறினால் "துரோகம்", நம் பக்கம் வந்தால் "மனமாற்றம்" என்று எழுதுகிறோமா? ஒரு கட்சி இலவசம் கொடுத்தால் லஞ்சம், இன்னொன்று கொடுத்தால் நலத்திட்டமா? பெயர் மாற்றிப் படித்தால் இவை முதல் வரியிலேயே பல்லை இளிக்கும்.

செய்தி வரும் வாய்க்காலையும் அகலப்படுத்த வேண்டும். தமிழ்ச் செய்திக்கு ஒன்று, கன்னடச் செய்திக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்னட நாளிதழான பிரஜாவாணியின் தலையங்கத்தைக் கூகுள் மொழிபெயர்ப்பில் போட்டு வாரம் ஒருமுறை படித்தாலே எதிர்த்தரப்பின் உண்மையான கவலை எது, டி.வி. விவாதக் கூச்சல் எது என்று பிரியத் தொடங்கும்.

பார்வேர்டைப் பிரித்துப் பார்ப்பது

இரட்டை அம்புக்குறியோடு வரும் மெசேஜ் குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று பொருள். அப்படிப்பட்டதை வாட்ஸ்அப்பே 2020 ஏப்ரல் முதல் ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மேல் அனுப்ப விடுவதில்லை. அந்த அம்பைப் பார்த்ததுமே கையை எடுத்துவிடுங்கள்.

காவிரி பற்றி வரும் தவறுகளில் பல அலகுக் குழப்பம்தான். "கர்நாடகா 5,000 டி.எம்.சி. திறக்க உத்தரவு!" என்று ஒன்று வருகிறது என்று வையுங்கள். டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. தண்ணீரின் மொத்த அளவு. கன அடி என்று செய்தியில் சுருக்கமாகச் சொல்வது நொடிக்கு இத்தனை கன அடி, தண்ணீரின் வேகம். காவிரியில் கர்நாடகம் கட்டிய கே.ஆர்.எஸ். (கிருஷ்ணராஜ சாகர்) அணையின் முழுக் கொள்ளளவே 49.45 டி.எம்.சி. 5,000 டி.எம்.சி. என்றால் அந்த அணையை நூறு முறை நிரப்ப வேண்டும். 2023 ஆகஸ்ட் கடைசியில் காவிரி மேலாண்மை ஆணையம் சொன்னது நொடிக்கு 5,000 கன அடி, 15 நாளைக்கு. கணக்குப் போடுங்கள்: 5,000 x 86,400 நொடி என்றால் ஒரு நாளைக்கு 43.2 கோடி கன அடி, அதாவது 0.432 டி.எம்.சி. பதினைந்து நாளைக்கு 6.48 டி.எம்.சி. இங்கே "எல்லாத் தண்ணியும் போச்சு" என்று பதறியவர்களுக்கும், அங்கே "வந்து குவியுது" என்று மகிழ்ந்தவர்களுக்கும் இந்த ஒரு பெருக்கல் போதும். மனக்கணக்குக்கு: நொடிக்கு ஏறத்தாழ 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி.

அடுத்த தவறு, காலாவதியான எண். 2007 பிப்ரவரி 5 அன்று காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகாவுக்கு 270, கேரளாவுக்கு 30, புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என்று பிரித்தது. எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் கர்நாடகா விட வேண்டிய அளவு 192. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அந்த 192ஐ 177.25 ஆக்கியது. குறைத்த 14.75இல் 4.75 டி.எம்.சி. பெங்களூருவின் குடிநீருக்கு. இந்த ஊரில் நீங்களும் காவிரித் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறீர்கள் என்பதை வாதத்தின் நடுவே மறக்க வேண்டாம். 192, 177.25, 419, அதில் 14.75 கழித்த 404.25 என்று நான்கு எண்களும் குரூப்பில் சுற்றும். நான்கும் ஒவ்வொரு விதத்தில் சரி. எது எந்தத் தீர்ப்பு, எது பங்கீடு, எது எல்லையில் அளக்கும் நீர் என்று சொல்லாமல் வீசினால் எல்லாமே தப்பு.

இன்னொன்று: 177.25 என்பது சாதாரண மழை ஆண்டுக்கானது. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று மாதவாரியாகப் பிரித்திருக்கிறது. 2016லும் 2023லும் மழை பொய்த்தது. பற்றாக்குறையை எப்படிப் பங்கிடுவது என்பதுதான் உண்மையான சிக்கல். "தீர்ப்பை மதிக்கிறீங்களா இல்லையா" என்று இருபுறமும் கத்திக்கொண்டிருக்கும்போது இந்தக் கேள்வியை யாரும் தொடுவதேயில்லை.

அணை நீர்மட்டத்துக்குக் கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் தினமும் பட்டியல் வெளியிடுகிறது. வேட்பாளரின் சொத்து, வழக்கு என்று ஏதாவது வந்தால் வேட்பாளர் விவரங்களைத் தொகுக்கும் மைநேதா (MyNeta) தளத்தில் அவரே தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தைப் பாருங்கள். நிலுவையில் உள்ள வழக்கும் தண்டனையும் ஒன்றல்ல, அதைக் குழப்பி எழுதுவது அவதூறு வரை போகும். ஒரு மசோதாவில் என்ன இருக்கிறது என்பதற்கு, மசோதாக்களைச் சுருக்கி விளக்கும் பி.ஆர்.எஸ். (PRS) ஆய்வு அமைப்பின் தளம். படம் என்றால் கூகுள் லென்ஸில் போட்டு மிகப் பழைய தேதி எது என்று தேடுங்கள். எரியும் பேருந்துப் படத்தை "இப்போ, மைசூர் ரோடு" என்று யார் அனுப்பினாலும், 2016 படமா என்று பார்க்காமல் தொடாதீர்கள். உண்மை சரிபார்ப்புத் தளங்களும் உதவும். ஆனால் ஓர் அரசு தன்னைப் பற்றிய செய்தியைத் தானே பொய் என்று முத்திரை குத்தினால் அதை ஒரு தரப்பின் மறுப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசுக்கு அப்படியொரு பிரிவு அமைக்க வழிசெய்த விதித் திருத்தத்தை மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது.

பதில் எழுதும்போது

ஆளை விட்டுவிட்டு வரியைப் பிடியுங்கள். கீழே இருப்பது வழக்கமாக வரும் பதில்:

"உங்க ஆளுங்களுக்கு எப்பவுமே இதே வேலை. தண்ணியும் தர மாட்டீங்க, தீர்ப்பையும் மதிக்க மாட்டீங்க. 192 டி.எம்.சி. எங்க உரிமை."

இதில் மூன்று கோளாறு. "உங்க ஆளுங்க" என்றதும் அந்தக் குரூப்பில் உள்ள அறுபது கன்னடக்காரர்களும் எதிரிகளாகிவிட்டார்கள். "எப்பவுமே" என்பதை ஒரே ஒரு மழை ஆண்டைக் காட்டி உடைத்துவிடலாம். எண்ணும் பழையது. அதையே இப்படி எழுதலாம்:

"ரமேஷ் அவரே, இந்த மாசம் எங்களுக்கு வர வேண்டியதுல குறையுதுன்னுதான் எங்க ஊர் விவசாயிங்க கேக்கறாங்க. 2018 தீர்ப்புப்படி ஆகஸ்ட்டுக்கு 45.95. மழை கம்மிங்கறது தெரியுது. கம்மியான வருஷத்துல எவ்வளவு விடலாம்னு நீங்க நினைக்கறீங்க?"

விட்டுக்கொடுத்தது ஒன்றுமில்லை, கோரிக்கை அப்படியே இருக்கிறது. ஆனால் எதிரே இருப்பவர் பதில் சொல்ல ஓர் இடம் கிடைத்திருக்கிறது. நாகரிகம் என்றால் குழைந்து பேசுவது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கடுமையாக மறுக்கலாம், நேராக "இது தவறு" என்று சொல்லலாம். தொடக் கூடாதவை பிறப்பு, மொழி, சாதி, மதம், வீட்டுப் பெண்கள், தொழில்.

ஒரு பதிலில் ஒரு விஷயம். காவிரியில் தொடங்கி இந்தித் திணிப்பு, ராஜ்குமார் கடத்தல், நேற்றைய கிரிக்கெட் என்று தாவினால் எதற்கும் பதில் வராது. மூன்று முறை எழுதியும் நகரவில்லை என்றால் "நம்ம ரெண்டு பேருக்கும் இதுல ஒத்துப்போகாது சார்" என்று எழுதிவிட்டு விடுங்கள். கோபத்தில் அனுப்பிவிட்டால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். ஆனால் அதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே திருத்துங்கள். இரவு பதினொன்றுக்கு மேல் அரசியல் பதில் எழுதுவதையே நிறுத்தினால் பாதி வம்பு குறையும். நகைச்சுவையும் கேலி ஸ்டிக்கரும் ஒத்த கருத்துக்காரர்களுக்குள் மட்டும். மொழி மாறினால் கேலி அவமானமாகிவிடும்.

நன்றாகப் பழகியவர் என்றால் இன்னும் ஒரு படி போகலாம். அவர் தரப்பு வாதத்தை நீங்கள் எழுதிக் காட்டுங்கள். "ஆமா, இதைத்தான் சொல்றேன்" என்று அவர் தலையாட்டிய பிறகு உங்கள் பதிலைத் தொடங்குங்கள். காவிரியில் மேகேதாட்டு என்ற இடத்தில் கர்நாடகா கட்ட நினைக்கும் அணையை எடுத்துக்கொள்வோம். கர்நாடகா சொல்வது: 67.16 டி.எம்.சி. கொள்ளளவில் ஓர் அணை, பெங்களூருக்குக் குடிநீர், 400 மெகாவாட் மின்சாரம், தமிழ்நாட்டுக்கான 177.25இல் கை வைக்க மாட்டோம். தமிழ்நாடு சொல்வது: கே.ஆர்.எஸ்., கபினி அணைகளுக்குக் கீழே பெய்யும் மழை இன்று யார் தடுப்பும் இல்லாமல் மேட்டூருக்கு வருகிறது. அங்கே அணை வந்தால் எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் கர்நாடகத்தின் கைக்குப் போய்விடும். "குடிதண்ணிக்குக்கூட விட மாட்டீங்களா" என்று கன்னடக்காரரும், "முழுசா மறிக்கப் பாக்கறாங்க" என்று தமிழரும் கத்துவது எதிர்த்தரப்பு சொல்லாத ஒன்றுக்குத்தான்.

நீங்களே அட்மின் என்றால்

விதி நான்கு வரிக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் யாரும் படிப்பதில்லை. மூலம் இல்லாத பார்வேர்டு கூடாது, மொழியையும் சாதியையும் மதத்தையும் வைத்துத் திட்டக் கூடாது, தனிப்பட்டவர் படமோ எண்ணோ போடக் கூடாது, அட்மின் நீக்கினால் குரூப்பில் வாதிடாமல் தனியாகக் கேட்கலாம். அட்மின்களில் ஒருவர் தமிழர், ஒருவர் கன்னடர், முடிந்தால் வேறு வேறு கட்சி மனசுக்காரர்கள். தமிழர் போட்ட விஷமப் பதிவைத் தமிழ் அட்மினே நீக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாரபட்சப் புகார் பெரும்பாலும் எழாது.

பந்த் அறிவிப்பு, தீர்ப்பு நாள், வாக்கு எண்ணிக்கை நாள் ஆகியவற்றில் முன்கூட்டியே குரூப்பை "அட்மின்கள் மட்டும்" என்று மாற்றி, பால் கிடைக்குமா, பள்ளி உண்டா, மெட்ரோ ஓடுமா என்ற தகவல்களை மட்டும் போடுங்கள். சண்டை முற்றிய பிறகு மூடினால் யாரோ ஒருவரின் கடைசி வார்த்தை தொங்கிக்கொண்டே நிற்கும்.

உறுப்பினர் போட்டதற்கெல்லாம் அட்மின் சிறைக்குப் போவார் என்ற பயம் பரவலாக உண்டு. உறுப்பினரின் பதிவுக்கு, கூட்டுச்சதி இல்லாத வரை, அட்மின் பொறுப்பாக மாட்டார் என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வும், 2022இல் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன.

சட்டம் எங்கே வருகிறது?

"66ஏ பிரிவில் உள்ளே தள்ளிவிடுவேன்" என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆனால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆவது பிரிவு உயிரோடு இருக்கிறது. மதம், இனம், மொழி, சாதி ஆகியவற்றின் பெயரால் பகை மூட்டினால் மூன்று ஆண்டு வரை சிறை. மின்னணு வழியில் பரப்பினாலும் சேரும். "நான் எழுதல, பார்வேர்டுதான் பண்ணேன்" என்பது கைகொடுக்காது. பகிர்ந்தவரே விளைவுக்குப் பொறுப்பு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் ஒரு முகநூல் பகிர்வு வழக்கில் சொல்லிவிட்டது.

உங்களுக்கே மிரட்டல் வந்தால் குரூப்பை விட்டு வெளியேறுவது முதல் வேலை அல்ல. அனுப்பியவர் எல்லோருக்குமாக நீக்கிவிட்டால் உங்கள் போனிலிருந்தும் அது போய்விடும். ஆகவே எண், தேதி, நேரம் தெரியும்படி உடனே ஸ்கிரீன்ஷாட். எண்ணின் புரொபைல் பக்கத்தையும் ஒன்று எடுங்கள். பிறகு அந்த சாட்டை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அட்மினிடம் தனியாகச் சொல்வது, வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் செய்து பிளாக் செய்வது. அந்த ரிப்போர்ட்டில் அவர் அனுப்பிய கடைசி ஐந்து மெசேஜ்கள்தான் நிறுவனத்துக்குப் போகும். அதனால் நடுவில் பதில் வாங்கிக்கொண்டே இருக்காதீர்கள், மிரட்டல் பின்னால் தள்ளப்பட்டுவிடும். வீட்டு முகவரியைப் போட்டு "வந்து பார்த்துக்கறேன்" என்றால் 112. மற்றவற்றுக்கு தேசிய சைபர் கிரைம் தளம், அல்லது உங்கள் பகுதிக்கான சி.இ.என். (சைபர் குற்றங்களைக் கவனிக்கும்) காவல் நிலையம். 1930 எண் பண மோசடிக்கானது. இந்தப் புகாரை அங்கே சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். காவல் நிலையத்துக்குக் கன்னடம் எழுதத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். அதே குரூப்பில் இருக்கும் கன்னடக்காரர் வந்தால் இன்னும் நல்லது.